பழைய மரச் சாமிகள மடப்பள்ளிக்குப் பின்னால போடாதீங்க: வண்ணக்கர்மாருக்கும் கோயில் சபையாருக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்துக் கோயில்கள நடத்துற வண்ணக்கர் ஐயாமார், பரிபாலன சபையார், குடிக்குக் குடி, அதாவது தாய்வழி வம்சத்துக்கு வம்சம், திருவிழா உபயம் செய்யிற ஆக்கள், கனடா லண்டன் சுவிஸ்ல இருந்து திருப்பணிக்குக் காசு அனுப்புற எங்கட சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒரு அறநெறிப் பாடசாலையில ஞாயிற்றுக்கிழமைகள்ல சமயம் படிப்பிக்கிறன். ஒரு கோயிலையும் பேர் சொல்லிக் குறை சொல்ல வரல்ல. ஏனெண்டா இது ஒரு கோயில்ட பிரச்சினை இல்ல, வாவிக்குக் கிழக்கால எழுவான்கரை, மேற்கால படுவான்கரை ரெண்டு பக்கத்திலயும் கும்பாபிஷேகம் வரக்குள்ள நான் திரும்பத் திரும்பக் காணுற விசயம்.

திருப்பணி தொடங்கின உடன வாகனசாலையில இருக்கிற பழைய மர வாகனங்கள், சூரன்ட தலைகள், பழைய தேர்ல இருந்து கழட்டின சிற்பப் பலகைகள், மரத்துல கடைஞ்ச சின்னச் சின்ன சாமி உருவங்கள் எல்லாம் பழசு எண்டு வெளிய வந்திரும். நல்லா இருக்கிறதுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பாங்க, கால் கை உடைஞ்சத மடப்பள்ளிக்குப் பின்னால தகரத்துக்குக் கீழ போடுவாங்க, மழை பெய்யும், கரையான் ஏறும், மறுகா ஒரு அன்னதானத்துக்கு விறகு காணாட்டி அதுவும் அடுப்புக்குப் போயிரும். கழுத்து முறிஞ்ச ஒரு மயில் வாகனம் அப்பிடிக் கிடந்தத நானும் புள்ளைகளும் பாத்தம். ஒரு புள்ள "டீச்சர், இதுல முருகன் வந்தவர்தானே" எண்டு கேட்டுது. அந்தப் புள்ளைக்கு நான் சொன்ன பதில விட உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் கனக்க இருக்கு.

பேசினா உடன வாற மறுமொழி, "அது மூலவர் இல்லையே, வெறும் மரம்தானே". மூலவர் கருங்கல்லு, எழுந்தருளி பஞ்சலோகம், ஆனா திருவிழாவுல அவர வெளிய கொண்டு வாறது எது? மரம். நோயில கிடக்கிறவர், வயசு போனவர், ஒரு காலத்துல கோயில் வாசல் தாண்டி உள்ள வர விடாம நிறுத்தி வச்ச சனம், இவங்க எல்லாருக்கும் சாமி தெருவுல வந்து முகம் காட்டினது மரத்துக்கு மேல இருந்துதான். வெறும் மரம் எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல.

பாகவதத்துல படிமங்கள் எட்டு வகை எண்டு சொல்லியிருக்கு. கல்லு, மரம், உலோகம், சுதை மாதிரிப் பூசிச் செய்யிறது, ஓவியம், மணல், மனசு, இரத்தினம். மரம் ரெண்டாவதா வருது, கல்லுக்கு அடுத்தபடி. காஞ்சிபுரத்துல அத்தி வரதர் அத்தி மரத்தால ஆனவர், கோயில் குளத்துக்குள்ள தண்ணிக்கு அடியில இருக்கிறவர், 40 வருஷத்துக்கு ஒருக்கா 48 நாளுக்குத்தான் வெளிய வாறார். 1979ல வந்தார், பொறகு 2019ல வந்தார், அந்த 48 நாளும் காஞ்சிபுரம் சனத்தால நிரம்பி வழிஞ்சத நாங்களும் இஞ்ச இருந்து போன்ல பாத்தம். பூரியில ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூண்டு பேரும் வேப்ப மரம். அங்கத்த சந்திர நாட்காட்டியில ஆடி மாசம் ரெண்டு தரம் வாற வருஷங்கள்ல பழைய உருவத்த மாத்திப் புது உருவம் செய்வாங்க, கடைசியா 2015ல நடந்தது. எனக்கு அதுல மனசுல நிக்கிறது புதுசு செய்யிற சடங்கு இல்ல, பழச என்ன செய்யிறாங்க எண்டதுதான். கோயில் வளவுக்குள்ளயே அதுக்கெண்டு இருக்கிற இடத்துல புதைக்கிறாங்க, அந்தத் தொண்டு செய்யிற குடும்பங்கள் தங்கட வீட்டுல ஒராள் செத்த மாதிரி துடக்குக் காக்கிறாங்க. நாங்களும் மரத்துல சாமி கண்டு கும்பிடுற சனம்தானே, எங்கட மயிலுக்கு ஏன் தகரக் கொட்டிலும் கரையானும்?

ஒரு மரம் சாமியாகிறதுக்கு முன்னம் அதுக்கு எவ்வளவு மரியாதை நடந்திருக்கு எண்டு தெரிஞ்சா யாருக்கும் அத எறிய மனசு வராது எண்டு நினைக்கிறன். 6ம் நூற்றாண்டுல இருந்த வராகமிகிரர் எண்ட சோதிட அறிஞர் தன்ர பிருகத் சம்ஹிதை எண்ட நூல்ல படிமத்துக்கு மரம் எடுக்கக் காட்டுக்குப் போறதுக்கெண்டே ஒரு அத்தியாயம் வச்சிருக்கார். சுடலையில நிக்கிற மரம் ஆகாது, பாதையோரத்து மரம் ஆகாது, இடி விழுந்தது, காத்துல சாஞ்சது, யானை முறிச்சது, தேன் கூடு உள்ளது ஒண்டும் ஆகாது. தெரிஞ்செடுத்த மரத்துக்கு இரவுல படையல் வச்சு, அந்த மரத்துல குடியிருக்கிற உயிர்களப் பாத்து, இந்தப் படையல ஏத்துக்கொண்டு வேற இடத்துக்குக் குடி போங்க, எங்களப் பொறுத்துக்கொள்ளுங்க எண்டு கேக்கோணும். அதோட இன்னொண்டு, எனக்கு ஆகப் புடிச்சது. வெட்ட முன்னம் மரத்துல கிழக்கு எது மேற்கு எது, மேல் எது கீழ் எது எண்டு அடையாளம் போடச் சொல்றார். காட்டுல அந்த மரம் எந்தத் திசையப் பாத்து எப்பிடி நிண்டுதோ அதே மாதிரித்தான் படிமமும் கோயிலுக்குள்ள நிக்கோணுமாம். அதாவது மரம் செத்து சாமி வாறதில்ல, மரம் தன்ர நிலையிலயே சாமியா நிக்குது. விறகுக்குள்ள தீ மாதிரி மறைஞ்சு நிக்கிறவன் எண்டு தேவாரத்துல பாடுறம்தானே, உளி எடுத்த ஆசாரியார் அந்த மறைவத்தான் வெளிய எடுத்துத் தந்திருக்கார்.

இது எங்கயோ வடக்கத்திக் கதை எண்டு நினைக்க வேணாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர எங்களுக்குக் காட்டித் தந்ததே ஒரு கொக்கட்டி மரம்தான், வேடன் கத்தி வைக்க இரத்தம் கசிஞ்சதெண்டுதான் எங்கட முன்னோர் சொல்லித் தந்தாங்க. கண்ணகை அம்மனுக்குக் கொம்புமுறி எண்டு கொம்பு இழுக்கிற சடங்கு விளையாட்டு நடத்தின ஊர்கள்ல வடசேரி தென்சேரி எண்டு பிரிஞ்சு நிண்டு இழுத்தது வளைஞ்ச மரக் கொம்பு, அதையும் பயபக்தியோடதான் தொட்டாங்க. இந்த மண்ணுல மரத்துக்கு உயிர் இருக்கு எண்டு நம்பித்தான் நாங்க வளந்தம்.

இனி அந்த உருவங்கள் என்ன சொல்லுது எண்டு வருவம். புள்ளைகளுக்கு மும்மலம், உயிரப் புடிச்சிருக்கிற மூண்டு அழுக்கு, எண்டா என்னெண்டு விளங்கப்படுத்துறது எவ்வளவு கஷ்டம் எண்டு சமயம் படிப்பிக்கிற ஆக்களுக்குத் தெரியும், ஆணவம் கன்மம் மாயை எண்டு போர்ட்ல எழுதினா பாடமாக்கிச் சோதினையில எழுதிட்டு மறந்திருங்கள். ஆனா கந்தசஷ்டி சூரன்போர் அண்டைக்கு வீதியில நிண்ட ஒரு புள்ளையும் மறக்காது. மரத்துல செய்த ஒரே உடம்புதான், அதுல முதல்ல யானைத் தலை கொழுவுவாங்க, அது தாரகன், மாயை. வேல் பட்டு அது கழரும், சிங்கத் தலை வரும், அது சிங்கமுகன், கன்மம். அதுவும் போனாப் பொறகு சூரன்ட சொந்தத் தலை, அதுதான் ஆணவம், கடைசியா வாறதும் அதுதான், ஆக லேசில போகாததும் அதுதான். பொறகு அவன் மாமரமா நிப்பான், வேல் அத ரெண்டாப் பிளக்கும், ஒரு பாதி மயில், மத்தப் பாதி சேவல். உடம்பு ஒண்டுதான், தலைதான் மாறுது, எங்களுக்குள்ள ஒளிச்சிருக்கிறதும் அப்பிடித்தான் எண்டு சொன்னா எட்டு வயசுப் புள்ளைக்கும் விளங்கும்.

இன்னும் ஆழமாப் போனா சைவ சித்தாந்தத்துல ஆணவ மலம் அழியிறதில்ல, அதின்ட சக்திதான் அடங்கும். மயில் வாகனத்துக்குள்ள அதத்தான் கடைஞ்சு வச்சிருக்கு. முருகன் சூரன இல்லாமல் ஆக்கல்ல, அவன்ர முதுகுல ஏறி இருந்தார். சூரன்ட தலையும் மயில் வாகனமும் ஒரே கதை, தலையச் சாக்குல கட்டிப் போட்டுட்டு மயில மட்டும் புதுசா வாங்கினா கதை பாதியில நிண்டிரும்.

கைலாச வாகனத்தப் பாருங்க. கீழ இராவணன், மேல மலை, மலையில அம்மையும் அப்பனும். மலையத் தூக்கப் போனவன் நசிஞ்சு போய், தன்ர தலையையும் கை நரம்பையும் வீணையாக்கிச் சாமகானம் பாடுறான். அவன்ர முகத்துல ஒரு நல்ல ஆசாரியார் வலியையும் வைப்பார் பாட்டையும் வைப்பார், ரெண்டும் ஒரே முகத்துல. கிடாய் வாகனம் நாரதர்ட யாகத்துல இருந்து வெளிய வந்து உலகத்தையே கலக்கிய ஆட்டுக்கடா, அடக்கி ஏறினது குழந்தை முருகன். மூஷிகம், ரிஷபம், அன்னம் எண்டு வரிசையா நிக்கிற ஒவ்வொண்டும் சாமியச் சுமக்கிற உயிர், எங்கட உயிர்தான் அது. நாங்க கும்பிடப் போற நேரம் மேல இருக்கிற சாமிய மட்டும் பாத்துட்டு வாறம், கீழ இருக்கிறது நாங்கதான் எண்டு காட்டத்தான் அத அவ்வளவு வடிவாக் கடைஞ்சு வச்சாங்க.

தேர் எண்டா அது தனிப் பெரிய விசயம். திரிபுரம் எரிக்கச் சிவபெருமான் ஏறின தேருக்கு பூமிதான் தட்டு, சூரியனும் சந்திரனும் சில்லு, நாலு வேதமும் குதிரை, பிரமா சாரதி, மேரு வில்லு, வாசுகி நாண், திருமால் அம்பு. அந்த முப்புரமும் மும்மலம்தான் எண்டு திருமூலர் சொல்லிட்டார், ஆக சூரன்போரும் தேரும் ஒரே பாடத்தத்தான் வேற வேற மாதிரிச் சொல்லுது. ஆவணியில கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துல வடம் புடிக்கிற ஆயிரக்கணக்கான கையள்ல எத்தின பேருக்கு இது தெரியும் எண்டு யோசிச்சுப் பாருங்க. தேர்ல கீழ் வரிசையில பூதகணங்கள், யாளி, மேல போகப் போக தேவர்கள் எண்டு கடைஞ்சு வச்சிருக்கிற பலகைகள்தான் எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு ஒரு காலத்துல புராணம் படிப்பிச்சது. தமிழ்நாட்டுத் தேர்ப் பலகைகள் லண்டன் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நாங்க எங்கட பலகையக் கழட்டி மழையில சாத்தி வைக்கிறம். பழைய சாமான் வாங்குற ஆக்கள் லொறியோட வந்து கேட்டா ஹோட்டல் சுவருக்கு அலங்காரமாப் போகவும் வழியிருக்கு.

பெயின்ட் பத்திக் கட்டாயம் சொல்லோணும். ஒரு உருவம் செய்யக்குள்ள ஆசாரியார் கடைசியாச் செய்யிற வேலை கண் திறக்கிறது, அதுக்கு நாள் பாத்து, பூசை வச்சுச் செய்யிறாங்க. அந்தக் கண்ணுக்கு மேலதான் நாங்க திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் அடிக்கிறம். ஒண்டுக்கு மேல ஒண்டா அடிக்க அடிக்க மயில்ட இறகுல இருந்த கோடு நிரம்பிப் போகுது, இராவணன்ட முகத்துல இருந்த வலி மறைஞ்சு போகுது, எல்லா முகமும் ஒரே வழுவழுப்பு. அதோட எனாமல் மரத்த மூச்சு விட விடாது, எங்கட கடக்காத்து ஈரம் வெடிப்பு வழியா உள்ள போனா வெளிய வர வழியில்ல, வெளிய மினுங்கிக்கொண்டு இருக்க உள்ளுக்க உக்கிப் போகும். பழைய வாகனங்கள்ல பீடத்துல உபயகாரர்ட பேரும் வருஷமும் எழுதியிருக்கிறதக் கண்டிருப்பீங்க, எந்தக் குடி எந்தக் காலத்துல செய்தது எண்டதுக்கு சில ஊர்கள்ல வேற ஒரு பதிவும் இல்ல, அதுக்கு மேலயும் பெயின்ட்தான்.

மரத்துக்குப் பதிலா பைபர் கிளாஸ் வாகனம் வாங்குறது பத்தி உங்கட பக்கத்து நியாயம் எனக்கு விளங்குது. தோள் குடுக்கப் பொடியன்மார் ஊர்ல இல்ல, கத்தாருக்கும் டுபாய்க்கும் போயிட்டாங்க, பைபர் எண்டா பாரம் குறைவு, கரையான் அரிக்காது. ஆனா பாரம் எண்டா சில்லுப் பூட்டின சகடையில வச்சு இழுக்கலாம், எத்தினையோ கோயில்ல அப்பிடித்தான் செய்யிறாங்க. அச்சுல ஊத்தி எடுக்கிற பைபர் எல்லாக் கோயில்லயும் ஒரே மூஞ்சி. எங்கட ஊர் மயில் எங்கட ஊர் மயிலா இருக்கோணும், அதின்ட கழுத்துத் திருப்பம் பக்கத்து ஊர் மயில்ல இருக்கக் கூடா. புது வாகனம் தேவையெண்டா மரத்துலயே செய்யக் குடுங்க, வேலை தெரிஞ்ச ஆசாரிமார் இன்னும் இருக்காங்க, ஓடர் இல்லாமத்தான் அவங்கட மகன்மார் வீட்டுத் தளபாடம் செய்யப் போறாங்க.

குருக்கள்மார் சிலர் சொல்றாங்க, பழுதான மரப் படிமத்த அக்கினிக்குக் குடுக்கலாம், கல்லுப் படிமத்தத் தண்ணியில விடலாம், சாஸ்திரத்துலயே இருக்கு எண்டு. ஓம், இருக்கு, அக்கினி புராணத்துல சீரணோத்தாரணம், அதாவது பழுதானதப் புதுப்பிக்கிறது, பத்திச் சொல்ற இடத்துல இருக்கு, நான் மறுக்கல்ல. ஆனா அது முறைப்படி படிமத்துல இருக்கிற தெய்வ சக்திய வேற இடத்துக்கு எழுந்தருளப் பண்ணி, மந்திரத்தோட, மரியாதையோட செய்யிற காரியம். அங்கம் கெட்டுப் போன படிமத்துக்குச் சொன்னது, பெயின்ட் மங்கினதுக்கும் ஒரு விரல் உடைஞ்ச வாகனத்துக்கும் சொன்னது இல்ல. முறைப்படி அக்கினியில சேர்க்கிறதெண்டா ஊருக்கு அறிவிச்சு, உபயம் செய்த குடியக் கூப்பிட்டுச் செய்யுங்க, நாங்களும் வந்து கண்ணீரோட கும்பிட்டு வழியனுப்புவம். அடுப்புல வைக்கிறத மட்டும் சாஸ்திரம் எண்டு சொல்லாதீங்க.

எங்களிட்ட மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான் ஐயாமாரே. 1978 நவம்பர் சூறாவளி எத்தின கோயில் கூரையத் தூக்கிக்கொண்டு போனது எண்டு உங்களுக்குத்தான் என்னை விடத் தெரியும். யுத்தத்துல ஊர் ஊரா இடம்பெயர்ந்து போயிட்டுத் திரும்பி வந்தாக்கள் வாகனசாலையத் திறந்து பாத்த கதையும் தெரியும். 26.12.2004 சுனாமியில கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரமே சரிஞ்சது, கரையோரம் முழுக்க நவலடி தொடங்கித் திருக்கோயில் வரைக்கும் கடல் உள்ள வந்தது, கல்லே நிக்கேலாத இடத்துல மரம் எப்பிடி நிக்கும். இவ்வளவும் தாண்டி ஒரு வாகனம் எங்கட ஊர்ல இன்னும் நிக்குதெண்டா அத நாங்களே கையால தூக்கி வெளிய போடலாமா?

கண்டிக்கு ட்ரிப் போற நேரம் எம்பக்க தேவாலயம் பாத்திருப்பீங்க. 14ம் நூற்றாண்டுக் கோயில், கதிர்காமக் கடவுளுக்கு உரியது, எங்கட முருகன்தான். அந்த மரத் தூண்கள்ல அன்னம், இரட்டைத் தலைப் பறவை, ஆடுற பொம்புள, மல்லுக்கட்டுறவங்க எண்டு செதுக்கியிருக்கிறத டிக்கட் எடுத்துப் பாத்துப் படம் புடிச்சுப் போடுறம். பெயின்ட் ஒரு சொட்டு இல்ல, மரம் மரமாவே நிக்குது, நூற்றாண்டுகளா நிக்குது. மரம் நிலைக்காது எண்டு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல என்ன காட்ட?

நான் கேக்கிறது பெரிய செலவு இல்ல. ஒரு வாகனத்தையோ உருவத்தையோ தொட முன்னம் நாலு பக்கமும் படம் எடுங்க, உயரம் அகலம் அளந்து, உபயகாரர் பேர் பீடத்துல இருந்தா பாத்து, கோயில் கொப்பியில எழுதுங்க. சேவையில இருந்து ஓய்வு குடுத்ததுகள வைக்க வாகனசாலையிலயே ஒரு மூலைய ஒதுக்கி, சீமெந்துத் தரையில படாம பலகைக்கு மேல வச்சு, கூரை ஒழுகாமப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, மெல்லிய தூரிகையால தூசு தட்டினாக் காணும். கல்லடியில சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துல சித்திரமும் சிற்பமும் படிக்கிற புள்ளைகள் இருக்காங்க, கூப்பிட்டா வந்து பாப்பாங்க, எனாமல எப்பிடி எடுக்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்களையும் அவங்க மூலமாத் தேடலாம். தெரியாம சேன்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு இருக்கிற கோட்டையும் அழிச்சிராதீங்க. வெளிநாட்டுல இருந்து காசு அனுப்புற அண்ணாமார் அக்காமாரும் புதுசு வாங்க மட்டும் தருவம் எண்டு நிக்காம, பழசத் திருத்தவும் உபயம் எழுதுங்க, அதுவும் உங்கட அப்பா அம்மா பேர்லயே எழுதலாம்.

எங்கட பாடசாலையில பெரிய வகுப்புப் புள்ளைகள் போன்ல படம் எடுக்கிறதுல கெட்டிக்காரர், அளந்து எழுதவும் பழக்கியிருக்கன். இந்த வருஷத் திருவிழாவுக்குப் பெயின்ட் வாங்க முன்னம் வாகனசாலைத் திறப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்க. ஆசாரியார் ஒராள், சபையில ஒராள் கூட நிண்டாச் சரி. காலையில வந்து பின்னேரப் பூசைக்கு மணி அடிக்க முன்னம் முடிச்சு, படமும் கணக்கும் ஒரு கொப்பியில ஒட்டி உங்கட கையிலயே தந்துட்டுப் போறம்.